ஸ்டெப்னியில் தொடங்குங்கள்: காரின் இரும்பு வீல்களுக்கு வீட்டிலேயே வண்ணம் பூசும் முறை

வீல் கப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் இரும்பு வீலின் உண்மையான நிலை தெரிந்திருக்கும். தொழிற்சாலையில் பூசிய நிறம் ஆங்காங்கே உரிந்திருக்கும். நடுத்தட்டும் வெளிவளையமும் சேரும் வெல்டிங் ஓரங்களில் துரு பொரிந்து நிற்கும். நட்டுகளைச் சுற்றிப் பழுப்புக் கோடுகள் வழிந்திருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் விரைவாகச் செய்துவிடுகிறது. பட்டறையில் கொடுத்துச் செய்யலாம் என்றாலும், பொறுமையும் நிழலான ஓர் இடமும் இருந்தால், கம்ப்ரெசர் இல்லாமல், கடையில் கிடைக்கும் ஸ்பிரே டின்களைக் கொண்டே இதை வீட்டில் நன்றாகச் செய்ய முடியும்.

இந்தக் கட்டுரை 145/80 ஆர்12 டயர் போட்ட ஆல்டோ 800 போன்ற ஒரு சிறிய காரின் இரும்பு வீல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. டயரைக் கழற்றாமலேயே வீலின் வெளிமுகத்துக்கு வண்ணம் பூசும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். அலாய் வீல்களுக்குப் பொருந்தும் வேறுபாடுகளைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கிக்குள் கிடக்கும் அந்த ஐந்தாவது வீல், ஓடும் வீல்களைப் போலவே வடிவம் கொண்டது; அதில் வண்ணம் வழிந்தாலும் பார்க்க ஆளில்லை; அதைக் கழற்றக் காரைத் தூக்க வேண்டியதுமில்லை. ஸ்டெப்னி முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகு, அதை ஒரு வீலுக்கு மாற்றாகப் பூட்டி, கழற்றிய வீலுக்கு வேலை செய்யலாம். இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கார் ஒரு நாளும் வீல் இல்லாமல் ஜாக்கியின் மேல் நிற்க வேண்டியிருக்காது. சில புதிய கார்களில் ஸ்டெப்னி மற்ற வீல்களைவிட ஒடுங்கியதாகவோ சிறியதாகவோ இருக்கும். அது அவசரத்துக்கு மட்டுமே உரியது என்பதால், அத்தகைய காரில் இந்தச் சுழற்சி முறையைப் பின்பற்றக் கூடாது. பயிற்சிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

வாங்க வேண்டியவை

முதலில் அடிக்கும் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் அடிக்கும் நிறமற்ற மேற்பூச்சான கிளியர் ஆகிய மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) வகைப் பெயிண்டையும் எனாமல் வகைப் பெயிண்டையும் கலந்தால் என்ன ஆகும் என்பதைப் பழைய பெயிண்டர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்: சரியாக இறுகாத எனாமலின் மேல் என்.சி. பட்டவுடன், அதிலுள்ள கடுமையான தின்னர் அடிப்பூச்சை ஊறவைத்து, வெந்த பாலின் ஆடையைப் போலச் சுருக்கிவிடும். 400 மில்லி லிட்டர் டின்களாகக் கணக்கிட்டால், ஐந்து பன்னிரண்டு அங்குல வீல்களின் வெளிமுகத்துக்குப் பிரைமரில் இரண்டு, நிறத்தில் மூன்று, கிளியரில் இரண்டு என்பது என் கணக்கு. குறைந்துபோனால் பாதியில் நின்று கடைக்கு ஓட நேரும். ஆகவே நிறத்தில் மட்டும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

இவற்றுடன் ஒரு வயர் பிரஷ், 80, 180, 400, 600 எண் கொண்ட உப்புத்தாள்கள், நல்ல மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், பனியன் வேஸ்ட், பாத்திரம் கழுவும் திரவம், சிறிது தின்னர், கையுறை, கண்ணாடி ஆகியவை வேண்டும். 400, 600 எண்களைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பராகவே கேட்டு வாங்குங்கள். முகமூடியைப் பற்றி ஒரு சொல்: என்95 முகமூடி தூசியையும் வண்ணத் துளிகளையும் தடுக்கும், தின்னரின் ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் கரித்துகள் டப்பா பொருத்திய முகமூடி தொழிற்பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. ஐந்து வீல்களுக்கு வேலை செய்யப்போகிறவர் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகக் கிளியர் உறுதியானதுதான். ஆனால் அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கக்கூடியது, அதைப் பாதுகாப்பாக அடிக்க வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி தேவைப்படும். புதியவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

பருவமும் இடமும்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை ஒத்திவைப்பது நல்லது. ஈரக்காற்றில் தின்னர் ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, வெண்மையான மங்கல் ஏற்படும். உலோகத்தின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது தொழில்முறைப் பூச்சாளர்கள் பின்பற்றும் விதி. நம் வீட்டு அளவில் இதன் பொருள், விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் அடிக்கக் கூடாது, பனி நன்றாக விலகிய பின் காலை ஒன்பது மணிக்கு மேல் அடிக்கலாம் என்பதே. அதற்காக உச்சி வெயிலில் வைத்தும் அடிக்கக் கூடாது. கை வைக்க முடியாத அளவு சூடேறிய இரும்பில் வண்ணம் படியும் முன்பே காய்ந்து, மணல் தூவியதைப் போலச் சொரசொரப்பாகிவிடும். ஆடி மாதத்துப் புழுதிக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காற்றோட்டமுள்ள போர்ட்டிகோ அல்லது மொட்டை மாடியின் நிழற்பகுதி பொருத்தமான இடம். ஸ்பிரே டின்களில் வண்ணத்தை வெளித்தள்ளுவது பெரும்பாலும் சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த வாயுதான். தின்னரின் ஆவியும் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து நெடுந்தூரம் செல்லும். எனவே சமையலறைக் கதவு, எரியும் சாமி விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவற்றுக்கு அருகில் அடிக்கவே கூடாது.

கழற்றுவதும் சோதிப்பதும்

வீல் நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியை ஏற்ற வேண்டும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு, தூக்கும் வீலுக்கு எதிர்மூலையிலுள்ள வீலுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையையோ தலையையோ நுழைக்கக் கூடாது. வீலைக் காரிலேயே வைத்துக்கொண்டு வண்ணம் அடிப்பவர்களும் உண்டு. வண்ணத் தூசு பிரேக் டிஸ்க்கின் மேலும் டிரம்மின் மேலும் படியும் என்பதால் அது சோம்பேறித்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

கழற்றிய வீலை வெளிச்சத்தில் சுழற்றிப் பாருங்கள். விளிம்பில் சிறு நெளிசல் இருந்தால் வீல் கடையில் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நட்டுத் துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தாலோ, துளைகளுக்கு இடையில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தாலோ, அந்த வீலுக்கு வண்ணம் பூசுவது அதன் நோயை மறைப்பதாகும். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். விளிம்பில் மாட்டியிருக்கும் பேலன்சிங் வெயிட்டைக் கழற்ற வேண்டாம். அது இருக்குமிடத்திலேயே இருக்கட்டும்.

கழுவுதல்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. வீலில் படிந்த கறுப்புத் தூசி சாதாரண மண்ணன்று. பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் துகளும் பிசினும் அதில் கலந்திருக்கின்றன. பழைய பிரேக் பாகங்களில் கல்நாரும் இருந்திருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் அதை ஊதவோ துலக்கவோ கூடாது; நனைத்த பிறகே தேய்க்க வேண்டும்.

அடுத்த எதிரி டயர் பாலிஷ். டயரைக் கருகருவென்று மின்ன வைக்கும் பாலிஷ்களில் பெரும்பாலானவை சிலிக்கோன் எண்ணெயால் ஆனவை. அது டயரிலிருந்து வீலுக்கும் பரவியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தின் மேல் வண்ணம் பட்டவுடன், தாமரை இலைத் தண்ணீரைப் போல விலகி, மீன்கண் போன்ற சிறு வட்டக் குழிகள் தோன்றும். முதன்முதலில் நான் அடித்த வீலில் இப்படி இருபதுக்கு மேல் குழிகள் விழுந்தன. அவற்றை மூடிவிடலாம் என்று மேலும் மேலும் அடித்ததில் வண்ணம் வழிந்ததே தவிரக் குழி மூடவில்லை. ஆகவே பாத்திரம் கழுவும் திரவத்தால் டயரையும் சேர்த்து இரண்டு முறை கழுவுங்கள். வீல் காய்ந்ததும், தின்னர் நனைத்த துணியால் ஒரு பகுதியைத் துடைத்து, அது உலரும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே ஒழியப் போகாது.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். நம்மில் பலர் வீட்டுப் புழக்கத்துக்குப் போர்த் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். பல பகுதிகளில் அது உப்புத் தண்ணீர். அது காய்ந்த இடத்தில் நிற்கும் உப்பு, பூச்சுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் பின்னர் ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளங்களை உண்டாக்கும். எனவே எதில் கழுவினாலும், கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி தேவை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் அதில் உப்பு ஏறக்குறைய இருக்காது என்பதால் இதற்கு மிகவும் ஏற்றது.

துருவை எடுத்தல்

தளர்ந்த துருவையும் பொரிந்த பெயிண்டையும் முதலில் வயர் பிரஷ்ஷால் உதிர்க்க வேண்டும். பிறகு 80 எண் உப்புத்தாளால் துரு இருந்த இடங்களை மட்டும் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, 180 எண்ணால் அந்தக் கீறல்களைத் தணிக்க வேண்டும். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பூச்சை முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. தொழிற்சாலையில் சூட்டில் இறுக்கிய அந்தப் பூச்சைவிட உறுதியான அடித்தளத்தை நாம் வீட்டில் உருவாக்க முடியாது. அதை 400 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கினால் போதும். பழைய பூச்சு முடிந்து வெற்று இரும்பு தொடங்கும் எல்லையில் விரல் நுனியை ஓட்டிப் பாருங்கள். படிக்கட்டைப் போலத் தடுக்கினால் இன்னும் தேய்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் படி எட்டுப் பூச்சுகளுக்கு மேலும் தெரியும்.

வெல்டிங் ஓரத்தில் உப்புத்தாள் எட்டாத இடுக்குகளில் துரு எஞ்சியே இருக்கும். பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் போல இங்கும் செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். புளியும் எலுமிச்சையும் துருவைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் இடுக்கில் தங்கிவிட்ட அமிலத்தை முழுவதும் அலசி எடுக்க முடியாது, அது மீண்டும் துருவுக்கே வழிவகுக்கும். அத்தகைய இடங்களுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவமே ஏற்றது. அவற்றில் ஒரு வகை டானின் என்னும் துவர்ப்புப் பொருளைக் கொண்டது. அது துருவோடு சேர்ந்து, கறுத்த, நிலையான ஒரு சேர்மமாக மாறுகிறது. கடுக்காய் நீரில் தோய்த்த கலம்காரித் துணியில் இரும்புக் கரைசல் பட்டதும் கறுப்பு பிறப்பதும் இதே வேதியியல்தான். திரவத்தைச் சிறு பிரஷ்ஷால் இடுக்குகளில் மட்டும் தடவி, டின்னில் குறிப்பிட்ட நேரம் காயவிடுங்கள்.

தேய்த்து முடித்த வெற்று இரும்பை இரவு முழுவதும் விட்டுவைக்கக் கூடாது. கடலோரக் காற்றில் மறுநாள் காலைக்குள் மெல்லிய மஞ்சள் படலம் பூத்துவிடும். வெறும் கையாலும் தொடாதீர்கள். வியர்வையும் உப்புத் தண்ணீர்தான்.

வண்ணம் படக்கூடாத இடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் கொள்ள முடியும் என்றால், இதையே நினைவில் கொள்ளுங்கள். வீலைக் காரோடு பிடித்துவைப்பது நட்டின் இறுக்கம். நட்டு உட்காரும் கூம்புக் குழியும், வீலின் பின்புறம் ஹப்பின் (காரில் வீல் பூட்டப்படும் சுழலும் பாகம்) மேல் படியும் தட்டையான முகமும் உலோகத்தோடு உலோகமாக அழுந்தி நிற்பதால்தான் அந்த இறுக்கம் நிலைக்கிறது. இடையில் தடித்த, மென்மையான பெயிண்ட் இருந்தால், ஓட்டத்தின் அழுத்தத்திலும் சூட்டிலும் அது நசுங்கி வெளியேறும். அது விட்டுச்சென்ற இடைவெளியின் அளவுக்கு நட்டு தளரும். தொழிற்சாலைப் பூச்சு அங்கேயும் இருக்கிறதே என்று கேட்கலாம். அது அளவறிந்து மெல்லியதாகப் பூசிச் சூட்டில் இறுக்கியது. நம் ஸ்பிரே டின்னின் எட்டுப் பூச்சுகள் அப்படியல்ல. எனவே நட்டுக் குழிகளை, அவற்றின் விட்டத்துக்கேற்ப வெட்டிய டேப் வட்டங்களாலோ, இறுகப் பொருந்தும் பழைய பாட்டில் கார்க்குகளாலோ மூடுங்கள். பின்புறத் தட்டு முகத்தையும் நடுத் துளையின் உட்சுவரையும் டேப்பால் மூடுங்கள். அங்கே துரு இருந்தால் வயர் பிரஷ்ஷால் நீக்கினால் போதும்.

காற்று அடிக்கும் வால்வையும் மூடியோடு சேர்த்து டேப்பால் சுற்றிவிடுங்கள். டயரை மறைப்பதற்கு மிக எளிய வழி, வீலின் விளிம்புக்கும் டயருக்கும் இடையில் கெட்டி அட்டைகளை வரிசையாகச் செருகுவதுதான். பழைய சீட்டுக்கட்டு இதற்கு உதவும். அதைவிட நல்லது, அலமாரியில் சேர்ந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள். டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால் அவை ஆழமாகச் செருகிக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி வட்டமாகச் செருகி, வெளிப்பக்கத்தைச் செய்தித்தாளால் மூடிவிடலாம்.

அடித்தல்

டின்னை உள்ளே இருக்கும் குண்டு சத்தமிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். முதலில் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் அடித்துப் பழகுங்கள். டின்னுக்கும் வீலுக்கும் இடையே 20 முதல் 25 சென்டிமீட்டர் இருக்கட்டும். மணிக்கட்டைச் சுழற்றாமல் கையை முழுவதும் நகர்த்தி, வீலின் விளிம்புக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். வீலைத் தரையில் படுக்க வைத்து அடிப்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பானது, வண்ணம் வழியும் வாய்ப்பு அதில் குறைவு. காற்றுத்துளைகளின் உட்சுவர்களையும் இடுக்குகளையும் முதலில் அடித்துவிட்டு, பரந்த முகத்தைக் கடைசியில் அடியுங்கள். இதை மாற்றிச் செய்தால், துளைகளுக்காக நிற்கும் நேரத்தில் முகத்தில் வண்ணம் மிகுந்து வழியும்.

பிரைமரில் முதல் பூச்சு இரும்பு பாதி தெரியும்படி மெல்லியதாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது பூச்சுகளை அடிக்கலாம். இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவானது, போதுமானது. வெள்ளி நிறம் அடிப்பதானால் சாம்பல் பிரைமரை வாங்குங்கள், இல்லையென்றால் செந்நிறத்தை மறைக்கவே ஒரு டின் தீர்ந்துவிடும். பிரைமர் நன்றாகக் காய்ந்ததும் 600 எண் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசி, முழுவதும் உலரவிட வேண்டும்.

நிறத்தையும் அதே முறையில் மூன்று மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறத்தில் அலுமினியச் செதில்கள் இருப்பதால், ஈரமாக அடித்த இடத்தில் அவை ஒரு விதமாகவும், உலர்வாக அடித்த இடத்தில் வேறு விதமாகவும் படிந்து, புலிக்கோடுகளைப் போலத் தெரியும். கடைசிப் பூச்சை மட்டும் 35 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பனி தூவுவதைப் போல அடித்தால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும். மெட்டாலிக் நிறத்தைக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தொடக் கூடாது. கறுப்பு நிறத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. முதல் முயற்சிக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

இரண்டு பூச்சுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதை டின்னின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு, தவறினால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து என்று சில டின்களில் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கும். கிளியரில் இரண்டு பூச்சுகள் போதும். எங்காவது வழிந்துவிட்டால், ஈரமாக இருக்கும்போது துணியால் துடைக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, இரண்டு நாள் காயவிட்டு 600 எண்ணால் அந்த இடத்தைச் சமப்படுத்தி மீண்டும் அடியுங்கள். கடைசிப் பூச்சு கைக்கு ஒட்டாத நிலைக்கு வந்ததும், முழுவதும் இறுகும் முன்பே, டேப்பைச் சாய்வாக இழுத்து எடுத்துவிட வேண்டும்.

அலாய் வீல் வைத்திருப்பவர்களுக்கு

ரெட் ஆக்சைடு அலுமினியத்துக்கு உரியதன்று. வெற்று அலுமினியம் தெரியும் இடங்களில் எட்ச் பிரைமரோ எப்பாக்ஸி பிரைமரோ அடிக்காவிட்டால், வண்ணம் தோலைப் போல உரிந்து வரும். பிளாட்பாரத்தில் உரசிய ஆழமற்ற கீறல்களை 180 எண்ணில் தேய்த்து, அலுமினியத் தூள் கலந்த எப்பாக்ஸி பட்டியால் நிரப்பலாம். இயந்திரத்தில் கடைந்து பளபளப்பாக்கிய டைமண்ட் கட் முகத்தை வீட்டில் மீட்டெடுக்க வழியில்லை. அதில் வண்ணம் பூசினால் அந்தத் தோற்றம் போய்விடும். விரைவில் காய வேண்டும் என்று எந்த வீலையும் தீயில் வாட்டக் கூடாது, அலாய் வீலை நிச்சயமாகக் கூடாது. மிகுந்த சூடு அந்த உலோகக் கலவையின் வலிமையைக் குறைத்துவிடும்.

திரும்பப் பூட்டுதல்

குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் கழித்து வீலைப் பூட்டுங்கள். டயரில் குறைத்த காற்றை முதலில் நிரப்பிவிடுங்கள். நட்டுக் குழிகளில் வண்ணம் எட்டிப் பார்த்திருந்தால் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். நட்டுகளின் மரைகளில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. வழுக்கும் மரையில் அதே விசைக்கு நட்டு அளவுக்கு மீறி இறுகி, போல்ட்டை இழுத்துவிடும். நட்டுகளைக் கையால் முழுவதும் ஏற்றி, எதிரெதிராக இருப்பவற்றை மாறி மாறி இறுக்கி, கார் தரையில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது காரின் கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் அருகிலுள்ள டயர் கடையில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

பூச்சு முழுவதும் இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை வாட்டர் சர்வீசுக்குக் கொடுக்காதீர்கள், டயர் பாலிஷும் போடாதீர்கள். மீந்த டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு மட்டும் வரும்வரை சில நொடிகள் அழுத்திவிட்டு மூடி வைத்தால், அடுத்த வீலுக்கு எடுக்கும்போது மூக்கு அடைத்திருக்காது.